சீமாட்டிகளின் மடத்தில் ஓர் இரவு

பிரான்சுக்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள். ஈபிள் கோபுரம் பார்த்தீர்களா? லூர்து மாதா கோவிலுக்குப் போனீர்களா? ஈபிள் கோபுரத்தை பஸ்ஸில் இருந்தபடி பார்த்தேன். லூர்துக்குப் போகவில்லை. நான் போனது சேன்த் என்ற ஒரு சிறு பட்டினத்துக்கு. அதைப் பற்றி யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

என் பெரியம்மாவின் மூத்த மகள் 1998ஆம் ஆண்டிலிருந்து பாரிசில் இருக்கிறார். அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பி முதல் ரெயிலைப் பிடிக்க வேண்டும். இத்தனை வருடங்களில் கலியாண வீடு, செத்த வீடு தவிர வேறு காரணத்துக்காக அவர் பாரிசை விட்டு வெளியே போனதில்லை. 2023 ஜூன் மாதம் நான் அங்கே நின்றபோது, "எங்கையாவது ரெண்டு நாள் போவம், தங்கச்சி" என்று அவரே சொன்னார். அவரோடு வேலை செய்யும் பிரெஞ்சுப் பெண் ஒருத்தி சேன்த் ஊர்க்காரி. அங்கே பழைய கன்னியர் மடம் ஒன்று இசைமண்டபமாக மாறியிருக்கிறதாம். கன்னியர் படுத்த அறைகளில் காசு கட்டித் தங்கலாமாம். அக்கா இதைச் சொல்லும்போது அவருடைய முகம் ஒரு மாதிரி இருந்தது. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மொன்பர்னாஸ் நிலையத்தில் கடுகதி ரெயில் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அங்குலேம். அங்கே இறங்கிச் சின்ன ரெயிலுக்கு மாற வேண்டும். அது ஷரான்த் ஆற்றின் கரையோரமாக, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, ஆறுதலாகப் போகிறது. வழியில் ஜார்னாக் என்ற சிற்றூர். 1981 தொடக்கம் 1995 வரை பிரான்சின் ஜனாதிபதியாக இருந்த பிரான்சுவா மித்தரோன் பிறந்ததும் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். அவருடைய பெயர் இந்தக் கதையில் பிறகும் ஒருமுறை வரும். அடுத்து கொன்யாக். அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டு அக்கா சிரித்தார். "எங்கட ஆம்பிளையளுக்குத் தெரிஞ்ச ஒரே பிரெஞ்சு ஊர் இதுதான்" என்றார்.

சேன்த் உரோமர் காலத்து ஊர். ஆற்றங்கரையில் கி.பி. 18-19ஆம் ஆண்டளவில் எழுப்பிய இரட்டை வளைவுத் தோரணம் ஒன்று நிற்கிறது. முன்பு அது ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றதாம். 1843இல் பழைய பாலத்தை இடித்தபோது, தோரணத்தையும் அழியவிடாமல் கல் கல்லாகக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்காக வாதாடியவர்களில் புரொஸ்பர் மெரிமே என்ற எழுத்தாளரும் ஒருவர். தோரணத்தைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் மடத்தின் வாசல் வந்துவிடும்.

பிரெஞ்சில் இதன் பெயர் 'அபேய் ஓ தாம்'. சீமாட்டிகளின் மடம் என்று சொல்லலாம். பெயரே சொல்வதுபோல, இங்கே குடியானவர்களின் பெண்பிள்ளைகள் துறவியாகவில்லை. பிரபுக்களின் மகள்மாரே வந்தார்கள்.

அஞ்சூ நாட்டுப் பிரபு ஜோஃப்ருவா மார்ட்டெலும் அவருடைய மனைவி ஆக்னஸும் சேர்ந்து 1047ஆம் ஆண்டு இதைத் தாபித்தார்கள். ஆக்னஸ் ஏற்கனவே விதவையாகி மறுமணம் செய்தவர். அவருடைய மகளொருத்தி ஜெர்மன் பேரரசரின் மனைவி. இந்தக் கலியாணத்தில் பிள்ளைகள் இல்லை, அதுவும் சில வருடங்களில் முறிந்து போனது. ஆக்னஸ் தன் கடைசிக் காலத்தை இந்த மடத்தில்தான் கழித்தார்.

தாபித்தபோது எழுதிய உறுதியில் மடத்துக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று வழிகாட்டிப் பெண் அடுக்கிக்கொண்டு போக, அக்கா எனக்கு மொழிபெயர்த்தார். காணிகள், தேவாலய வருமானங்கள், உப்பளப் பிரதேசமான மரேன், சேன்த் பட்டினத்தில் நாணயம் அடிக்கும் உரிமை. ஆம், நாணயம்! பதினோராம் நூற்றாண்டில் ஒரு பெண் தலைவியின் கையில் நாணயச்சாலை. ஒலெரோன் தீவில் பிடிபடும் மான்களின் தோலில் பத்திலொரு பங்கும் மடத்துக்கே. எதற்கு? புத்தகங்களுக்கு உறை போட. இதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் காலத்தில் புத்தகத்துக்கு உறை போடுவதற்கென்று தனியாக ஒரு வரியை ஒதுக்கியிருக்கிறார்கள், அதுவும் பெண்கள் வாசிக்கும் புத்தகத்துக்கு.

ஆனால் அதே உறுதியில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. மடத்தலைவி வருடந்தோறும் பக்கத்துக் காட்டிலிருந்து காட்டுப்பன்றி ஒரு சோடி, மான் ஒரு சோடி, முயல் இரண்டு என்று உயிரோடோ கொன்றோ பிடிப்பித்து எடுக்கலாமாம். இந்தச் சலுகைக்கு அவர்கள் எழுதிய காரணம் பெண்களின் பலவீனமான மனதுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமே என்பதுதான். நாணயச்சாலையை நடத்தவும் கணக்குப் பார்க்கவும் குடியானவர்களிடம் வரி வாங்கவும் பெண்களால் முடியும். அதை எழுதிக் கொடுத்த அதே பேனா, அடுத்த வரியில் அவர்களைப் பலவீனர் என்றும் எழுதுகிறது. அக்கா இதை மொழிபெயர்க்காமல் விட்டுவிடப் பார்த்தார். "என்ன சிரிக்கிறா அவ?" என்று நான் விடாமல் கேட்டபிறகுதான் சொன்னார்.

பெனடிக்ற் சபையைச் சேர்ந்த இந்த மடம் உள்ளூர் ஆயருக்குக் கீழ்ப்பட்டதல்ல. நேரே பாப்பரசருக்குக் கீழ்ப்பட்டது. தலைவியின் கையில் ஆயர்மாரைப்போல வளைந்த கோல் இருந்தது. ஏழரை நூற்றாண்டுகளில் ஏறத்தாழ முப்பது பேர் தலைவிகளாக இருந்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நாற்பது வருடங்கள் தலைவியாக இருந்த ஆக்னஸ் த பார்பெசியோ, புகழ்பெற்ற எலனோர் அரசியின் உறவினர். இன்று நாம் வாய் பிளந்து பார்க்கும் தேவாலய முகப்பு அவருடைய காலத்து வேலை.

இந்த வல்லமையைப் பெண்விடுதலை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மரேன் உப்பளத்தில் வேகிய பெண்ணின் உழைப்பும் இந்த வளைந்த கோலுக்குள்தான் போயிருக்கும். 1516க்குப் பிறகு மடத்தலைவிகளை நியமிக்கும் உரிமை அரசரின் கைக்குப் போனது. லா ரோஷ்ஃபூக்கோ, ஃபுவா போன்ற பெருங்குடும்பங்கள் இந்தப் பதவியைக் குடும்பச் சொத்துப்போல வைத்திருந்தன. அதற்காக ஒன்றுமேயில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1608இலும் 1648இலும் இரண்டு தடவை மடம் தீப்பற்றி எரிந்தது. இரண்டாவது தீயில் தேவாலயத்தின் கூரைக் குமிழ்கள் இடிந்து விழுந்தன. அந்த இரண்டு தீக்களின்போதும் தலைவியாக இருந்தவர் ஒரே பெண், பிரான்சுவாஸ் த ஃபுவா. 1606 முதல் அறுபது வருடங்கள் பதவியில் இருந்து, எரிந்ததைத் திரும்பக் கட்டும் வேலையிலேயே ஆயுளைச் செலவழித்திருக்கிறார். வீட்டை இரண்டு தடவை இழந்து இரண்டு தடவையும் கட்டிய பெண்களை எங்கள் பகுதியில் எனக்குத் தெரியும். அவர்களுடைய பெயரை எந்தக் கல்லிலும் பொறிக்கவில்லை.

முகப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலுக்கு மேலே அரைவட்ட அடுக்குகளாகச் சிற்பங்கள். ஒரு வரிசையில் தேவதூதர்கள், ஒன்றில் செம்மறி. இன்னொன்றில் வாளேந்திய படைவீரர் கொலை செய்கிறார்கள். பெத்லகேம் குழந்தைகளின் படுகொலை என்று அதைச் சொல்வார்கள். வெளி அடுக்கில் முடிசூடிய மூப்பர்கள், வாத்தியங்களோடு இரண்டிரண்டு பேராக முகம் பார்த்திருக்கிறார்கள். வேதாகமத்தின் திருவெளிப்பாட்டில் மூப்பர்கள் இருபத்து நான்கு பேர். இங்கே ஐம்பத்து நான்கு. வளைவு பெரிதாக இருந்ததால் சிற்பி ஆட்களைக் கூட்டிவிட்டான் போலும். எல்லோரையும் வாத்தியத்தோடு இருத்திய அந்தக் கைக்கு, எண்ணூறு வருடங்கள் கழித்து இந்த இடம் இசைக்கூடமாகும் என்று தெரிந்திருக்க முடியாது.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சிற்பங்கள் சில உடைந்து கிடக்கின்றன. அதற்குக் காரணம் காலம் மட்டுமல்ல. பிரெஞ்சுப் புரட்சி வந்து 1790இல் துறவற வாக்குகளைச் செல்லாதவையாக்கியது. 1792இல் கன்னியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆண்டுக்கணக்காக வெளியுலகம் காணாத முதிய பெண்கள் எங்கே போயிருப்பார்கள் என்று வழிகாட்டியைக் கேட்டேன். சிலர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள் என்றாள். மடம் சிறைச்சாலையானது. 1808 தொடக்கம் இராணுவ முகாமானது. தேவாலயத்துக்குள் தட்டுகள் போட்டு மாடி எழுப்பினார்கள். நூறு வருடங்களுக்கு மேலாகப் படையினர் இருந்தார்கள். ஏழரை நூற்றாண்டு பெண்கள் மட்டும் இருந்த இடத்தில் அதன்பிறகு ஆண்கள் மட்டும் இருந்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எர்விங் கொஃப்மன் என்ற அறிஞரைப் பற்றிப் படிப்பித்தார்கள். 1961இல் வெளிவந்த அவருடைய நூலில், மனிதரை வெளியுலகிலிருந்து பிரித்து ஒரே கூரையின்கீழ் உண்ணவும் உறங்கவும் வேலை செய்யவும் வைக்கும் நிறுவனங்களை ஒரே இனமாகச் சேர்க்கிறார். சிறைச்சாலை, இராணுவ முகாம், விடுதிப் பாடசாலை, துறவிகளின் மடம். பரீட்சைக்கு இதைப் பாடமாக்கியபோது, சிறையையும் மடத்தையும் எப்படி ஒன்றாகச் சேர்க்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. சேன்த் மடத்தின் முற்றத்தில் நின்றபோது கோபம் வரவில்லை. இந்த ஒரே கட்டடம் அவை அத்தனையுமாக இருந்திருக்கிறது. சுவரைக்கூட மாற்ற வேண்டி வரவில்லை.

விடுதிப் பாடசாலையும் என்று சொன்னேன் அல்லவா? பிரபுக்கள் தங்கள் சிறுபெண்களைப் படிக்க இங்கே விடுவது வழக்கம். பதினான்காம் லூயி மன்னரின் காதலியாகிப் பெயர்பெற்ற மொன்தெஸ்பான் சீமாட்டியும் சின்ன வயதில் இங்கே படித்தவர். சிலர் படித்துவிட்டுக் கலியாணத்துக்குப் போனார்கள், சிலர் போகவேயில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கும் சீதனத்தைவிட மடத்துக்குக் கொடுக்கும் சீதனம் குறைவு என்பதால், மூன்றாவது நான்காவது பெண்ணை மடத்துக்கு விட்ட குடும்பங்கள் அக்காலத்தில் ஏராளம். வழிகாட்டிப் பெண் இதைச் சொன்ன இடத்தில் அக்காவின் மொழிபெயர்ப்பு நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தூணைத் தடவிக்கொண்டு நின்றார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாம் உலகப் போருக்குப் பிறகு, 1920களில், நகரசபை மடத்தை வாங்கியது. தேவாலயத்தைத் திருத்தித் திரும்ப வழிபாட்டுக்குத் திறந்தார்கள். இன்றும் அது பங்குத் தேவாலயம்தான். 1972இல் பழங்கால இசை விழா ஒன்று இங்கே தொடங்கியது. பழைய இசையை, அது பிறந்த காலத்து வாத்தியங்களிலேயே வாசித்துக் காட்டுவது நோக்கம். பெல்ஜியம் நாட்டு இசை நடத்துநர் ஃபிலிப் ஹெரவேகே 1982இலிருந்து இருபது வருடங்கள் அதை வழிநடத்தினார். விழாவுக்கு ஆட்கள் வர வர, மற்றக் கட்டடங்களையும் திருத்தும் வேலை நடந்தது. 1988இல் அவற்றைத் திறந்து வைத்தவர்தான் நான் முன்பு சொன்ன ஜார்னாக் ஊர் மித்தரோன். 1996 தொடக்கம் இளம் கலைஞர்களைப் பயிற்றும் வாத்தியக் குழுவும் இங்கே இருக்கிறது. வருகிறவர்களுக்குக் காதில் மாட்ட ஒரு கருவி தருகிறார்கள், நடக்க நடக்க அந்தந்த இடத்துக்குரிய இசை கேட்கும். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. பத்து நிமிடத்தில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். வெறும் காதுக்கு மாடப்புறாக்களும், எங்கோ ஓர் அறையில் யாரோ ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வயலினில் பழகும் சத்தமும் கேட்டன. பிழைத்த இடத்தில் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் பிழைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இரவு தங்கிய அறை பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடத்தில். நீண்ட ஓடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். உள்ளே இரண்டு கட்டில், ஒரு மேசை, உயரமான யன்னல். தொலைக்காட்சி இல்லை. சுவர் எவ்வளவு தடிப்பென்றால் யன்னல் விளிம்பில் ஏறி இருக்கலாம். அக்கா அங்கே ஏறி இருந்துகொண்டு, வெளியே இருட்டும்வரை பேசவில்லை. ஜூன் மாதம் அங்கே பத்து மணிக்குத்தான் இருட்டும்.

"விடுதியிலயும் இப்பிடித்தான் ஓடை" என்றார் கடைசியில்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு பெரியப்பா காணாமற்போனார். பெரியம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவருக்குப் பதினொரு வயது. கன்னியர் நடத்திய விடுதி ஒன்றில் அவரைக் கொண்டுபோய் விட்டார்கள். சாப்பாடும் படிப்பும் கிடைக்கும், பாதுகாப்பாகவும் இருக்கும் என்று. அங்கே அவர் ஏழு வருடங்கள் இருந்தார். வெளியே வந்த மறுவருடம் பிரான்சில் மாப்பிள்ளை பார்த்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் இது ஒரு நல்ல கதை. 'அந்தப் பிள்ளை படிச்சுது, வெளிநாடு போச்சுது, மற்றவையைக் கரைசேர்த்துது' என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

"சிஸ்டர்மார் நல்லவை. அடிக்கேல்ல, பட்டினி போடேல்ல. எனக்கு அவையில ஒரு குறையும் இல்லை" என்றார் அக்கா. "ஆனா அம்மா என்னை விட்டுட்டுப் போகேக்க, கேற்றடியில திரும்பிக்கூடப் பார்க்கேல்ல. நான் பார்த்துக்கொண்டே நிண்டனான். மற்ற மூண்டு பேரையும் வீட்டில வைச்சிருந்தவதானே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் கேட்டார்: "நீயும் பிள்ளையளை விடுதியில கொண்டுபோய் விடுறனிதானே. தாய்மார் திரும்பிப் பாக்கிறவையோ?"

என் வேலையில் இது ஒரு பகுதி. பத்து வருடங்களாகப் படிவம் நிரப்புகிறேன். தந்தை இல்லை, வருமானம் இல்லை, வீட்டில் பாதுகாப்பு இல்லை, சிபாரிசு செய்கிறேன், ஒப்பம். கடைசிக் கட்டத்தில் பிள்ளையின் விருப்பத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. 'சம்மதம்' என்று அதில் எழுதுவது பெரும்பாலும் நான்தான். பிள்ளை தலையை ஆட்டும், நான் எழுதுவேன். வாசலில் அந்தத் தாய் என்ன செய்கிறாள் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"சிலபேர் பாப்பினம்" என்றேன். "பாக்காத ஆக்களைத்தான் நான் ஓட்டோவில திரும்பி வரேக்க சந்தியில காணுறனான். பஸ்ஸை விட்டுட்டு நிண்டு அழுவினம். ஒருத்தி சொன்னா, திரும்பிப் பார்த்திருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருப்பன் எண்டு."

அக்கா இதற்குப் பதில் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பினாரா, ஆறுதலுக்குச் சொன்னேன் என்று நினைத்தாரா என்றும் தெரியாது. யன்னலைச் சாத்திவிட்டு, "விடிய நாலு மணிக்கு எனக்கு முழிப்பு வரும், நீ படு" என்றார். நாலு மணிக்கு நான் விழித்தபோது அவர் நல்ல நித்திரை.

காலை உணவுக்குப் பாணும் வெண்ணெயும் பழப்பாகும் தந்தார்கள். சாப்பிட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தோம். மணிக்கூட்டுக் கோபுரத்தின் கூம்புக் கூரையில், மீன் செதில்போல அடுக்கிய கற்களில் வெயில் பட்டிருந்தது. வயலின் பழகும் ஆள் அன்றைக்கும் வந்துவிட்டார். அக்கா தேவாலய வாசற்படியில் இருந்துகொண்டு பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஊரில் அப்போது மதியம் ஆகப்போகிறது. மருந்து போட்டாரா, கிணற்று மோட்டரைத் திருத்தியாயிற்றா என்று வழக்கமான கதைகள். பிறகு பெரியம்மா எங்கே நிற்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும்.

"கன்னியர் மடத்தில நிக்கிறன் அம்மா."

மறுபக்கத்தில் சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பெரியம்மாவின் குரல் எனக்கே கேட்கும் அளவுக்கு உயர்ந்தது. "ஏன் பிள்ளை, ஏன் அங்க போனனீ?"

"சும்மா பாக்க வந்தனாங்கள்" என்றார் அக்கா. "பின்னேரம் வீட்ட போயிடுவம்."